ஒரு கல் தின்ற மூன்று வருடப் பெட்ரோல் மிச்சம்

கையை விட்டுப் போன பணம் இரண்டு லட்சத்தை ஒட்டி. வண்டி இல்லாமல் திண்டாடிய காலம் மூன்று மாதத்துக்கு மேல். இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். ஏனென்றால் எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா, பெட்ரோலே போதுமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் எல்லோரும், ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் ஓடும், கிலோமீட்டருக்கு எவ்வளவு செலவாகும் என்ற இரண்டு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த இரண்டுக்கும் ஷோரூமில் நல்ல பதில் கிடைக்கும். வண்டி அடிபட்டால் என்ன நடக்கும் என்று யாரும் கேட்பதில்லை, ஷோரூம்காரர்களும் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

எனக்குச் சென்னை மேடவாக்கத்தில் அபார்ட்மென்ட் வீடு. கணவருக்குக் கத்தாரில் வேலை. அம்மா திருநெல்வேலிப் பக்கம் கல்லிடைக்குறிச்சியில் தனியாக இருக்கிறார். ஆபீஸ், பிள்ளையின் பள்ளிக்கூடம், மாதத்தில் ஒரு தடவையாவது ஊர்ப் பயணம், எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி. பழைய பெட்ரோல் காரை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு எலெக்ட்ரிக் வாங்கினோம். ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கும் இருந்தது. பெட்ரோல் மாடலோடு விலை வித்தியாசம் அந்த அளவுக்குக் குறைந்ததால் துணிந்தோம். ஓட்டுவதற்கு அருமையான வண்டி, அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஓஎம்ஆர் டிராஃபிக்கில் கிளட்ச் மிதித்து மிதித்து வலித்த முழங்கால் இப்போது வலிப்பதில்லை.

சார்ஜ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அசோசியேஷனில் முதலில் தீப்பிடிக்கும் என்றார்கள், அப்புறம் பொது மீட்டரிலிருந்து திருடுவீர்கள் என்றார்கள். கடைசியில் என் வீட்டு மீட்டரிலிருந்தே தனி ஒயர் இழுத்து, தனி பிரேக்கரும் எர்த்தும் போட்டுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்த பிறகு அனுமதி கிடைத்தது. வண்டி புக் செய்வதற்கு முன்பே இந்த அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அடுத்தது மின் கட்டணம். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, கீழே இருக்கும் யூனிட்டுக்கும் சேர்த்து ஏறும். ஏசி ஓடும் வீடாக இருந்தால் கார் நிச்சயம் அந்தக் கோட்டைத் தாண்ட வைக்கும். காருக்காகக் கூடிய தொகையை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தால், எனக்கு யூனிட் ஒன்பது ரூபாய் சொச்சம் விழுந்தது. ஷோரூமில் போட்டுக் காட்டிய கணக்கில் யூனிட் ஐந்து ரூபாய். அப்படியும் மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிற எனக்குப் பெட்ரோலோடு ஒப்பிட்டால் மாதம் ஐயாயிரம் ரூபாய் மிச்சம், வருடத்துக்கு அறுபதாயிரம். இந்த அறுபதாயிரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலை வேறு கதை. கம்பெனி சொன்ன தூரம் 450க்கு மேல். ஏசி போட்டுக்கொண்டு நூறில் போனால் 300 வந்தாலே பெரிய விஷயம். அதிலும் பேட்டரி 80 சதவீதத்தைத் தாண்டியதும் பாஸ்ட் சார்ஜரில் வேகம் படுத்துவிடும் என்பதால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் எண்பதோடு கிளம்புவதுதான் லாபம். அப்படிப் பார்த்தால் இரண்டு நிறுத்தத்துக்கு நடுவே கணக்கில் கொள்ள வேண்டியது 200, 220 கிலோமீட்டர்தான். சாதாரண நாளில் இது பிரச்சினையே இல்லை. உளுந்தூர்பேட்டையில் டிபன், மதுரைக்கு முன்னால் சாப்பாடு என்று போய்விடலாம். பொங்கல், தீபாவளிக்கு முந்தைய நாள்தான் சிக்கல். வண்டியில் செருகும் கன் இரண்டு உள்ள சார்ஜரில் இரண்டு வண்டி சேர்ந்து நின்றால் பெரும்பாலும் பவர் பாதியாகப் பிரியும், பின்னால் நிற்கிறவர்களுக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம். வெளியே யூனிட் 20, 25 ரூபாய் ஆகிறது, ஆக நெடுஞ்சாலையில் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் வரும். பெட்ரோலுக்கு ஆறரை என்று வைத்துக்கொண்டால் இன்னும் லாபம்தான். ஆனால் வீட்டுச் சார்ஜில் வருகிற ஒன்றரை ரூபாய்க் கணக்கை ஊர்ப் பயணத்துக்கும் போடாதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். திருநெல்வேலி தாண்டும்போது இருட்டிவிட்டது. சேரன்மகாதேவியைக் கடந்து வீரவநல்லூர் போகிற வழியில் குழாய் பதிக்கத் தோண்டி, அரைகுறையாக மூடியிருந்தார்கள். எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி மெதுவாகத்தான் இறங்கினேன், வேகம் இருபதுகூட இருக்காது. அடியில் கல் ஒன்று பட்டு 'டங்' என்று ஒரே சத்தம். பெரிய அதிர்ச்சி ஒன்றும் இல்லை. கொஞ்ச தூரம் போனதும் ஸ்க்ரீனில் ஆமைப் படம் வந்தது. வண்டி வேகம் எடுக்க மாட்டேன் என்றது. அப்புறம் சிவப்பில் ஒரு எச்சரிக்கை: பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இறங்கவும். இறங்கிக் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் பச்சை நிறத்தில் கூலன்ட், அதாவது பேட்டரியைக் குளிர்விக்கிற திரவம், சொட்டிக்கொண்டிருந்தது.

டீக்கடையில் இருந்தவர்கள் ஓடி வந்து தள்ளி ஓரமாக நிறுத்தினார்கள். பக்கத்திலேயே ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணாச்சியைக் கூட்டி வந்தார்கள். அவர் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பெட்ரோல் வண்டியா இருந்தா ஆயில் சேம்பர் அடிபட்டிருக்கும் தாயி. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள மாத்திக் குடுத்திருவேன். இதுல ஆரஞ்சு கலர் ஒயரு இருக்கு பாருங்க, அதை நான் தொட மாட்டேன்." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆரஞ்சு ஒயர் என்றால் உயர் மின்னழுத்தம், பயிற்சி இல்லாதவர் தொட்டால் உயிர் போகும். ஆனால் அதற்குப் பயிற்சி பெற்றவர் அங்கிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதுதான் கேள்வி.

கம்பெனியின் ரோடு சைடு உதவி எண்ணில் பேசினால் முதலில் கயிறு கட்டி இழுக்கிற வண்டியை அனுப்புவதாகச் சொன்னார்கள். நல்லவேளை, மேனுவலில் படித்தது ஞாபகம் இருந்தது. எலெக்ட்ரிக் காரைச் சக்கரம் தரையில் உருளும்படி தூரத்துக்கு இழுக்கக் கூடாது. சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றும், அது மின்சாரத்தை உண்டாக்கி மேலும் கெடுத்துவிடும். முழு வண்டியையும் மேலே ஏற்றிப் போகிற ஃபிளாட்பெட்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அது வந்து சேர நள்ளிரவு ஆகிவிட்டது. இலவசத் தூரத்துக்கு மேல் ஆன கிலோமீட்டருக்கெல்லாம் தனிக் கட்டணம். உங்கள் மொபைலில் இந்த ஒரு வரியைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்: ஃபிளாட்பெட் மட்டும்.

திருநெல்வேலி சர்வீஸ் சென்டரில் மறுநாள் சொன்ன பதில், "மேடம், இங்க ஜெனரல் சர்வீஸ் மட்டும்தான், பேட்டரியை இறக்குற ஆள் மதுரையில" என்பது. மறுபடியும் ஃபிளாட்பெட், மதுரை. அங்கே அடிபட்ட பேட்டரி உள்ள வண்டியை மற்ற வண்டிகளோடு சேர்த்து நிறுத்தக் கூடாதாம். பேட்டரிக்குள் மின்சாரத்தைச் சேமிக்கிற செல்களில் சேதம் இருந்தால் சில நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம் என்பதால் யார்டின் மூலையில் தனியாக விட்டுவிட்டார்கள். ஒரு வாரம் போன பிறகு லிஃப்டில் ஏற்றினார்கள். நானும் போய் நின்று பார்த்தேன். பேட்டரிப் பெட்டியின் அலுமினிய அடித்தட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல், ஆழம் ஒரு விரல் கணுகூட இல்லை. அதற்கு மேலே கூலன்ட் ஓடுகிற வழி விரிசல் விட்டிருந்தது, மின்சாரம் வெளியே கசிகிறதா என்று பார்க்கிற இன்சுலேஷன் சோதனையில் பேட்டரி தோற்றுவிட்டது. அவ்வளவுதான். செல்கள் எல்லாம் நன்றாக இருப்பதாக அவர்கள் கணினியே காட்டியது. அடித்தட்டை மட்டும் மாற்ற முடியாதா என்றால், இந்த மாடலில் பேட்டரியைத் திறந்து பழுது பார்க்க அனுமதி இல்லை, முழுசாகத்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். எஸ்டிமேட் ஏழு லட்சத்து எண்பதாயிரம். அதில் பேட்டரி மட்டும் ஏழு இருபது. எனக்குக் கை கால் ஓடவில்லை. கணவருக்கு அங்கே ராத்திரி ஷிப்ட், போன் எடுக்கவில்லை. மதுரை பஸ் ஸ்டாண்டு வரை ஆட்டோவில் அழுதுகொண்டே போனேன் என்பதை எழுதுவதற்கு வெட்கமாக இல்லை.

எட்டு வருடம் அல்லது ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர் பேட்டரி வாரன்டி என்று பெரிதாக அச்சடித்துத் தருகிறார்களே, அது எங்கே போயிற்று என்றால், அந்த வாரன்டி, பேட்டரி தானாகக் கெட்டால் மட்டும். கல் பட்டால், தண்ணீர் புகுந்தால், விபத்து நடந்தால் அது கிடையாது. அதெல்லாம் இன்சூரன்ஸ் பாடு. இன்சூரன்ஸில் நான் ஜீரோ டெப் எடுத்திருந்தேன். தேய்மானம் பிடிக்காமல் முழுப் பணமும் தருகிற பாலிசி என்றுதான் விற்றார்கள். சேதத்தை மதிப்பிடுகிற சர்வேயர் வந்தார், படம் எடுத்தார், போனார். பதினைந்து நாள் கழித்து மெயில் வந்தது: ஜீரோ டெப் "டயர், பேட்டரி நீங்கலாக". பேட்டரிக்கு 50 சதவீதத் தேய்மானம் கழித்துத்தான் தருவோம். அதாவது என் கையிலிருந்து மூன்று லட்சத்து அறுபதாயிரம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி விளக்க வேண்டும், ஏனென்றால் எலெக்ட்ரிக் கார் வைத்திருக்கும் எவருக்கும் இது நடக்கலாம். நம் நாட்டு மோட்டார் பாலிசியில் காலங்காலமாக ஒரு வாசகம் உண்டு: ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், டியூப், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு 50 சதவீதத் தேய்மானம். உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு, இரண்டு முடிந்து மூன்று வருடத்துக்குள் என்றால் 15 சதவீதம். பேட்டரி என்று எழுதிய காலத்தில் அவர்கள் மனதில் இருந்தது பானெட்டுக்கு அடியில் இருக்கும் ஐயாயிரம் ரூபாய் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. அதே சொல்லை இப்போது வண்டி விலையில் பாதியைத் தொடுகிற பேட்டரிக்கும் பொருத்துகிறார்கள். டயரும் பேட்டரியும் நீங்கலாக என்ற வரியும் அந்தப் பழைய பேட்டரிக்காக வந்ததுதான். இதற்கென்றே எலெக்ட்ரிக் வண்டிகளுக்குத் பாலிசியோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிற தனி பேட்டரிப் பாதுகாப்பு ஆட்-ஆன்கள் விற்கிறார்கள், வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய். எனக்கு விற்ற ஏஜென்ட்டுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவுடன் அவர் சொன்னது, "அடுத்த வருஷம் போட்டுக்கலாம் மேடம்".

சண்டை போட்டேன். முதலில் அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மெயில். எதற்கும் போனில் பேசாதீர்கள், பேசினாலும் பேசியதை அன்றே மெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள். அப்புறம் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற அரசு ஆணையமான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் புகார். அதற்கும் மேலே பாலிசிதாரர் புகார்களை விசாரித்துத் தீர்க்கிற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார், சென்னையிலும் அலுவலகம் உண்டு. கம்பெனிக்குப் புகார் கொடுத்து ஒரு மாதம் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஒப்புக்கொள்ள முடியாததாக இருந்தாலோ அவரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரையிலான விவகாரத்தை அவர் விசாரிக்கலாம். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. ராத்திரி பிள்ளை தூங்கிய பிறகு ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்தேன். என் வாதம் இரண்டுதான். அடிபட்டது செல் அல்ல, அலுமினியப் பெட்டி, ஆகவே உலோகக் கழிவுதான் பொருந்தும். இரண்டாவது, பாலிசியில் பேட்டரி என்ற சொல் எதைக் குறிக்கிறது என்று எங்கேயும் விளக்கவில்லை; சந்தேகம் உள்ள வாசகத்தை எழுதியவருக்கு எதிராகவும் பாலிசிதாரருக்குச் சாதகமாகவும்தான் படிக்க வேண்டும். ஆம்புட்ஸ்மேனுக்கு மனு தயார் செய்து அதன் நகலை அவர்களுக்கு அனுப்பியதும் சுருதி மாறியது. 15 சதவீதக் கழிவுக்கு இறங்கி வந்தார்கள். சில்லறைக் கழிவுகள் சேர்த்து என் பங்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம். ஃபிளாட்பெட்டுக்குப் பதினெட்டாயிரம், மூன்று மாத டாக்ஸியும் வாடகைக் காரும் நாற்பத்தைந்தாயிரம். வண்டி யார்டில் தூங்கியபோதும் மாதாமாதம் போன இஎம்ஐயை நான் இதில் சேர்க்கவில்லை. கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி, அந்த நோ கிளெய்ம் போனஸும் போய்விட்டது.

இப்போது அந்த அறுபதாயிரத்துக்கு வாருங்கள். மூன்று வருடம் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்த பெட்ரோல் காசை ஒரு கல் ஒரே அடியில் வாங்கிக்கொண்டது. வீரவநல்லூர் அண்ணாச்சி சொன்ன சேம்பர் வேலைக்கு விசாரித்தேன், என் பழைய காருக்குப் பத்தாயிரத்துக்குள் முடிந்திருக்கும்.

என்னைப் பொறுத்தவரை எலெக்ட்ரிக் காரின் உண்மையான குறை இதுதான். தூரம் போதவில்லை, சார்ஜர் இல்லை என்பதெல்லாம் வருடத்துக்கு வருடம் சரியாகிக்கொண்டிருக்கிறது. நன்றாக ஓடும்வரை அது பெட்ரோல் வண்டியைவிட எல்லா விதத்திலும் மேல். கெட்டால்தான், அதைச் சுற்றி இருக்க வேண்டிய ஆள், பாகம், பாலிசி, சட்ட வாசகம் எதுவும் இன்னும் வந்து சேரவில்லை என்று தெரியும். பெட்ரோல் காருக்குப் பின்னால் நூறு வருடப் பட்டறை இருக்கிறது. தாலுகாவுக்கு நாலு மெக்கானிக், திருச்சியிலும் மதுரையிலும் பழைய பாகம் விற்கிற கடைகள், விலை பேசத் தெரிந்த புரோக்கர். மறுவிற்பனையிலும் இதே கதை. பேட்டரி மாற்றிய வண்டி என்றதும் எனக்கு வந்த விலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். மாற்றியது புதுப் பேட்டரி, உண்மையில் விலை ஏற வேண்டும்.

அதற்காகப் பெட்ரோல்தான் பாதுகாப்பு என்று சொல்ல வரவில்லை. 2025இலிருந்து நாடு முழுவதும் பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. பழைய வண்டிக்கு மைலேஜ் குறைகிறது, ரப்பர் பாகங்களைப் பற்றிய கவலை வேறு. லிட்டர் நூறு ரூபாய்க்குக் கீழே இறங்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 ஆகக் குறைந்ததால், எலெக்ட்ரிக்குக்கு இருந்த விலைச் சலுகை கொஞ்சம் தேய்ந்துவிட்டது. நார்வேயைப் பாருங்கள் என்று அலுவலகத்தில் ஒருவர் ஓயாமல் சொல்வார். 2024இல் அங்கே விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது எலெக்ட்ரிக் என்பது வாஸ்தவம். அங்கே வரிச்சலுகை தொடங்கியது 1990களில். பெரும்பாலானவர்கள் சொந்த வீட்டு வாசலில் சார்ஜ் போடுகிறார்கள். நம் நாட்டில் எலெக்ட்ரிக் கார் பரவலாக விற்கத் தொடங்கியே சில வருடம்தான் ஆகிறது.

எதிர்காலம் எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பேட்டரி விலையே சாட்சி. 2010 வாக்கில் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் இருந்தது, 2024இல் 115 டாலர் என்று ப்ளூம்பெர்க் நியூ எனர்ஜி ஃபைனான்ஸ் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்குச் சொல்கிறது. அந்தக் கணக்கில் என் வண்டியின் 45 யூனிட் பேட்டரி நாலரை லட்சத்துக்குள் அடங்க வேண்டும். ஸ்பேராக வாங்கும்போது ஏழு இருபது. இந்த இடைவெளி குறையும். எங்கள் பக்கமே தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வியட்நாம் எலெக்ட்ரிக் கார் கம்பெனியான வின்ஃபாஸ்டின் தொழிற்சாலை திறந்துவிட்டது. பக்கத்து ஐடிஐகளில் ஆரஞ்சு ஒயரைத் தொடத் தெரிந்த பையன்கள் படித்து வெளியே வந்தால் நாலைந்து வருடத்தில் வீரவநல்லூரிலேயே வேலை முடியும். சில கம்பெனிகள் ஆயுட்கால பேட்டரி வாரன்டியும் கொடுக்க ஆரம்பித்திருக்கின்றன. அது முதல் உரிமையாளருக்கு மட்டுமா, அடிபட்டால் உண்டா என்று மட்டும் படித்துப் பாருங்கள்.

அதுவரை யார் வாங்கலாம் என்று கேட்டால்: நகரத்துக்குள்ளேயே ஓட்டம், சொந்தப் பார்க்கிங், வீட்டில் இன்னொரு வண்டி, இந்த மூன்றும் இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். என்னைப் போல ஒரே வண்டி, கிராமத்துச் சாலை, தனியாளாக நீண்ட பயணம் என்றால் பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட்டோ, வெறும் பெட்ரோலோ இன்னும் கொஞ்ச காலத்துக்கு நிம்மதி. இல்லை, எலெக்ட்ரிக்தான் என்றால் ஷோரூமில் நாலு கேள்வி கேளுங்கள். பேட்டரியைத் திறந்து பகுதியாகப் பழுது பார்க்க முடியுமா, எந்த ஊரில்? முழுப் பேட்டரியின் ஸ்பேர் விலை எவ்வளவு? அடித்தட்டுக்குக் கம்பெனியே தருகிற பாதுகாப்புத் தகடு உண்டா? வெளிக்கடையில் தகடு மாட்டினால் வாரன்டி என்ன ஆகும்? பதிலை சேல்ஸ்மேன் வாயால் சொன்னால் போதாது, மெயிலில் வர வேண்டும்.

எனக்கு அடுத்த மாதம் பாலிசி புதுப்பிக்க வேண்டும். இந்தத் தடவை வேறு ஏஜென்ட். அவருக்கு நான் அனுப்பிய மெயிலை அப்படியே தருகிறேன், வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்: "வண்டியை ஓட்டும் உயர் மின்னழுத்த பேட்டரிக்கு, வெளியிலிருந்து அடிபட்டாலும் தண்ணீர் புகுந்தாலும், தேய்மானம் கழிக்காமல் முழுத் தொகையும் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் பாலிசியின் எந்தப் பக்கத்தில், எந்த வரியில் அது இருக்கிறது?" மூன்று நாளாகப் பதில் இல்லை. வந்த பிறகுதான் பணம் கட்டுவேன்.